சம்பந்தி வீட்டுக்குப் போன எலிப் பொட்டலம்

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு. மாலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் வாசித்த பக்கத்தில், "பாம்பு மெல்லக் கண் சிமிட்டியது" என்று எழுதியிருந்தேன். வகுப்பில் யாரும் தவறு கண்டுபிடிக்கவில்லை. அந்த வரி நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். நூலகத்துக்கு வெளியே பேருந்துக்கு நிற்கும்போது பெருமை தாங்காமல் பக்கத்தைப் படமெடுத்துத் தோழி உல்ஜானுக்கு அனுப்பினேன். கையுறையைத் திரும்ப மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. "பாம்புக்கு ஏதுடி இமை? எத்தனை தடவை பார்த்திருக்கே அவனை!"

பார்த்திருக்கிறேன்தான், அவள் வளர்க்கும் பாம்பை. மடியில்கூட வைத்திருந்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கதைகளில் பாம்புகள் என்ன செய்யுமோ அதை எழுதிவிடுகிறேன். அதனால் இன்று முதலிலிருந்து, வரிசையாக, அடித்துத் திருத்தியதையும் மறைக்காமல் எழுதிப் பார்க்கப் போகிறேன். படிக்கிறவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1

இது என் கற்பனை இல்லை. நேற்றுச் சாயங்காலம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு உல்ஜான் வந்தாள். தொப்பியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இருமல் மருந்துகளின் மேல் குனிந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

"திலாரா, எங்க அண்ணியோட அம்மா வீட்டுக்கு எலி போயிடுச்சுடி."

"எலி எல்லார் வீட்டுக்கும்தான் போகும்."

"இது நடந்து போகலடி. நாங்க கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கோம்."

இதைவிட நல்ல தொடக்கம் எனக்கு அமையாது. ஆனாலும் வீட்டுக்குப் போய் வேறு மூன்று எழுதினேன்.

முதலாவது: "கரகந்தாவின் குளிர் எலும்பை ஊடுருவும் இரக்கமற்ற" [விட்டுவிட்டேன். இந்த ஊரில் குளிரைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. வீட்டைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய் சூடாக இருக்கிறதா, இல்லையா என்றுதான் பேசுவோம்.]

இரண்டாவது: "ஓர் உயிர் இன்னோர் உயிருக்கு உணவாகும் இவ்வுலகில்" [என் எழுத்தா இது? வெட்கமாக இருக்கிறது.]

மூன்றாவது: "உல்ஜான் எலிகளுக்குப் பெயர் வைப்பதில்லை."

இதை வைத்துக்கொள்கிறேன். உண்மை. இமை கிமை ஒன்றும் இல்லை.

2

உல்ஜான் எலிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. அந்த வீட்டில் பெயருள்ள பிராணி மிர்சா மட்டும்தான். ஜெர்மனிக்குக் குடிபோன ஒரு பல் டாக்டர், கண்ணாடிப் பெட்டியோடும் விளக்கோடும் அவளிடம் விட்டுப் போன ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பொன்னும் கருப்புமாக இருப்பான். யாராவது உரக்கத் தும்மினால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வான். பாம்பைக் கண்டு மனிதர்கள் பயந்த நேரத்தைவிட, மனிதர்களைக் கண்டு அவன் பயந்த நேரம் அதிகம்.

அவன் தீனிக்கு முன்பெல்லாம் உறைந்த எலிகள் ரயிலில் தெற்கிலிருந்து வரும். கோடையில் வழியிலேயே உருகிவிடும். குளிர்காலத்தில் வந்து சேரும், ஆனால் எலும்பும் தோலுமாக. இரண்டு முறை மிர்சா வாய் வைக்கவில்லை. மூன்றாம் முறை உல்ஜானே முடிவு கட்டினாள்: அவனுக்கு வேண்டியதை வீட்டிலேயே வளர்ப்பது.

சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கும் இடுக்கு அறை. அங்கே கம்பிவலை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். ஒரு கடுவனுக்கு மூன்று பெட்டைகள். வயிறு உருண்டதும் பெட்டை தனிப் பெட்டிக்குப் போய்விடும். மரச்சாமான் கடையிலிருந்து மரச்சீவல், பைன் வாசனை போகக் காயவைத்தது. ஓட்ஸ், பார்லி, காய்ந்த ரொட்டி, வாரத்தில் ஒரு நாள் அவித்த முட்டை. சீவலை மாற்ற ஒரு நாள் சோம்பினாலும் மூத்திர நெடி சமையலறைக்கு வந்துவிடும். அதனால் அவள் சோம்பியதே இல்லை. ஊரில் பாம்பு வைத்திருக்கும் இன்னும் சிலர், அதில் ஒரு பேருந்து ஓட்டுநர்கூட, மிச்ச எலிகளை அவளிடம்தான் வாங்குகிறார்கள்.

(கேள்வி வரும் என்று தெரியும்: உயிரோடு போடுவாளா? மாட்டாள். மூலையில் மாட்டிக்கொண்ட எலி பாம்பின் முதுகைக் கடித்துக் கிழித்துவிடும். வாயு நிரப்பிய பெட்டியில் வைத்துக் கொன்று, பால்கனியில் உறையவைத்து, வேண்டும்போது வெந்நீரில் இளக்கி, கடைசியில் தலையை மட்டும் முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி நீட்டுவாள். சூடு தெரிந்தால்தான் மிர்சா பாய்வான். அந்தக் கருவி முதலில் அண்ணியுடையது. அது தனிச் சண்டை.)

என் முதல் படியில், "எலிகள் பெட்டிக்குள் அமைதியாக உறங்கிப்போயின" என்று இருந்தது. இன்று மதியம் கடைக்கு வந்த உல்ஜான் அதை வாசித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.

"உறங்கல. செத்துச்சு. செத்துச்சுன்னு எழுது."

"கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இருக்கட்டும். கஷ்டமா இல்லாத ஆளு இந்த வேலையைச் செய்யக்கூடாது."

பெட்டியை மூடுவதற்கு முன் அவள் எதையோ முணுமுணுப்பாள். என்ன என்று ஒருமுறை கேட்டேன். குளிர்காலக் கறிக்காகக் குதிரையை அறுக்கும் முன் அவள் அண்ணன் சாபித் குதிரையிடம் கேட்கும் மன்னிப்பு. அதே சொற்கள். எலிக்கு வேறு மன்னிப்பு அவளுக்குத் தெரியாதாம்.

3

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவளுடைய அண்ணி ஷோல்பான்.

வீடு சாபித்துடையது. உல்ஜான் அவர்களோடு இருக்கிறாள். ஆகவே கதைக்கு ஒரு வில்லி தேவை என்று நினைத்து எழுதினேன்: "ஷோல்பான் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த நாற்றத்தில் மனிதர்கள் வாழ முடியுமா என்று வீடு அதிரக்" [நிறுத்தினேன்.]

நிறுத்தியது நான் இல்லை. போனில் வாசித்துக் காட்டியதும் உல்ஜான்தான் சத்தம் போட்டாள். "எங்க அண்ணியை இப்படி எழுதினா உன்னோட பேசவே மாட்டேன்."

"திட்டுவாங்கன்னு நீதானே சொன்னே?"

"திட்டுவாங்க. நான் சொல்லலாம், நீ எழுதக்கூடாது."

பிறகு கல்ஜா கதையைச் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்கறிச் சாறு கொடுத்துத் தேற்றுவோமே, அது. போன மாதம் உல்ஜான் வேலை முடிந்து வந்தபோது, அன்றைக்கு ஈன்ற எலியின் பெட்டிக்குள் ஒரு சின்னத் தட்டு. அதில் இழை இழையாகப் பிய்த்த கறி, மேலே ஆறிய சாறு. ஷோல்பான் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். புகுந்த வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால், நாத்தனாரை அவள் ராஜாத்தி என்றுதான் கூப்பிடுவாள். கோபமாக இருந்தால் எலி ராஜாத்தி.

"என்ன எலி ராஜாத்தி, அப்படிப் பார்க்கறே? குழந்தை பெத்தவளுக்கு வெறும் ஓட்ஸா போடுவாங்க?"

"அண்ணி, அது எலி."

"எலின்னா என்ன? ஒரே மூச்சுல பதினோரு பிள்ளை. நீ ஒண்ணு பெத்துட்டு வந்து பேசு."

"அந்தக் குட்டிங்க எங்கே போகும்னு தெரியும்ல?"

"தெரியும். அது அப்புறம். இன்னைக்கு அவ சாப்பிடட்டும்."

இப்படிப்பட்ட ஒருத்தியை வில்லியாக்க என்னால் முடியவில்லை. அதற்காக அவளை நல்லவளாக எழுதினாலும் பொய்யாகிவிடும். ஏனென்றால் அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள், விளையாட்டாக இல்லை. "எங்க அம்மாவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. தெரிஞ்ச அன்னைக்குப் பெட்டி எல்லாம் வெளியே. அந்தப் பாம்பும்தான்." அவள் அம்மா உம்சின், ஊருக்கு வெளியே ஒரு ரயில் நிலையத்தை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறார். எலி வளர்க்கும் வீட்டில் அவர் கை நனைக்க மாட்டார். சம்பந்தி கை நனைக்காத வீடு என்ன வீடு?

ஆகவே கதையில் பணயம் இதுதான். தெளிவாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வகுப்பில் கேட்பார்கள். உம்சினுக்குத் தெரிந்தால் எலிகள் போகும். எலிகள் போனால் இந்தக் குளிர்காலத்தில் மிர்சாவுக்குச் சாப்பாடு கிடையாது. யாரிடம் கொடுத்தாலும் அவனைப் பட்டினி போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து. குதிரையை அறுத்துப் பங்கு பிரித்து, கறியெல்லாம் பால்கனி மரப்பெட்டியில் உறைந்து கிடந்தது. உம்சின் மதியப் பேருந்தில் வருவதாக இருந்தார்.

காலையில் ஷோல்பான் பால்கனிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ராஜாத்தி, உன் எலிப் பொட்டலத்தை எங்கே வச்சிருக்கே?"

"மூலையில, தகரப் பெட்டியில. எப்பவும் போல."

"அம்மா வந்ததும் முதல்ல பால்கனிக்குத்தான் போவாங்க. கறி எவ்வளவு இருக்குன்னு பார்க்க. தகரப் பெட்டியில என்னன்னு கேப்பாங்க. கேட்டதும் திறப்பாங்க."

"அப்போ எங்கே வைக்க?"

"எங்கேயாவது ஒளிச்சு வை. கண்ணுல படக்கூடாது."

உயிருள்ள எலிகள் இருக்கும் இடுக்கு அறையையும் மிர்சா இருக்கும் தன் அறையையும் ஏற்கெனவே பூட்டியிருந்த உல்ஜான் யோசித்தாள். உம்சின் எதைத் திறக்க மாட்டார்? தனக்கு வந்த பங்கைத் தவிர, பிறருக்குப் பங்கு பிரித்துக் கட்டிய பொட்டலத்தைத் தொடமாட்டார். அப்படித் தொடுவது மரியாதை இல்லை. எனவே உறையவைத்த எலிகள் அத்தனையையும், இரண்டு மாதத்துக்கு வைத்திருந்ததை, கறி கட்டும் அதே வெள்ளைத் துணியில் சுற்றி, கறி கட்டும் அதே கயிற்றால் கட்டி, மரப்பெட்டியில் மற்றப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துவிட்டாள்.

(அவள் முட்டாள் இல்லை. நன்றாக யோசித்துத்தான் இந்தத் தவறைச் செய்தாள்.)

விருந்து நன்றாக நடந்தது. உம்சின் பால்கனிக்குப் போனார், பொட்டலங்களைக் கண்ணால் எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார். தகரப் பெட்டியையும் திறந்தார். காலி. வேகவைத்த மாவுத்தகடு, கறி, குடலில் அடைத்த குதிரைக்கறியான கஸி, பால் தேநீர் எல்லாம் ஆனது. புறப்படும் நேரம் இருட்டிவிட்டது, காற்றும் கிளம்பிவிட்டது. சாபித் பால்கனிக்கு ஓடி, சம்பந்திக்கு உரிய பங்கான இடுப்பெலும்புக் கறியை எடுத்தான். கையில் கனத்தது, நீளமாக இருந்தது, வெள்ளைத் துணியில் இருந்தது. இரு கையாலும் நீட்டினான். உம்சினும் இரு கையாலும் வாங்கி, எல்லோரையும் ஆசீர்வதித்துவிட்டு, சாபித்தின் காரில் பேருந்து நிலையத்துக்குப் போனார்.

5

மறுநாள் மிர்சா ஒளியுமிடத்திலிருந்து வெளியே வந்தான். முதல் பனி விழுந்ததிலிருந்து அவன் எதையும் தின்றிருக்கவில்லை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை ருசி பார்த்தான். பசி. உல்ஜான் சந்தோஷத்தில் செருப்புக்கூடப் போடாமல் பால்கனிக்கு ஓடி, பொட்டலத்தை எடுத்துவந்து, மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே குதிரையின் இடுப்பெலும்பு. கொழுப்பு மஞ்சளாக, நேர்த்தியாக.

(இந்த இடத்தில் "அவள் உலகம் இருண்டது" என்று எழுதியிருந்தேன். அவள் உலகம் இருளவில்லை. அவள் முதலில் செய்தது, மற்ற எல்லாப் பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தது. எல்லாவற்றிலும் குதிரை.)

ஷோல்பான் வந்தாள். மேசையைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லாதே," என்றாள். "எனக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லாதே."

"அண்ணி, போன் பண்ணிடலாம். திறக்க வேண்டாம்னு சொல்லிடலாம்."

"எங்க அம்மாகிட்ட 'திறக்காதே'ன்னு சொன்னா, நாம போனை வைக்கறதுக்குள்ள திறந்திருப்பாங்க."

"எப்போ சமைப்பாங்க?"

"வியாழக்கிழமை அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்காங்க. சம்பந்தி வீட்டுப் பங்கு பாருங்கன்னு எல்லார் முன்னாலயும்தான் பிரிப்பாங்க." ஷோல்பான் முகத்தை மூடிக்கொண்டாள். "அது வரைக்கும் வெளிக்கொட்டகையில தொங்கும்."

ஆனால் உடனே போய் மாற்றவும் வழியில்லை, அன்று பனிப்புயலில் கிராமத்துச் சாலையை மூடிவிட்டார்கள். இன்றும் திறக்கவில்லை. மிர்சாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாம்பு காத்திருக்கும்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்திருக்கிறேன்.

அ) நாளை சாலை திறக்கிறது. உல்ஜானும் ஷோல்பானும் நானும் போகிறோம். நான் உள்ளே உம்சினோடு தேநீர் குடித்தபடி ஏதாவது கதை சொல்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் கொட்டகையில் பொட்டலத்தை மாற்றிவிடுகிறார்கள். இது உல்ஜானின் யோசனை. "நீதான் கதை எழுதறவளாச்சே, ஒரு அரைமணி நேரம் பேசமாட்டியா?" நான் எழுதிய எதுவும் அரைமணி நேரம் தாங்கியதில்லை என்று சொன்னேன். அது அவளுக்கும் தெரியும்.

[எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. மாற்றிவிட்டால் எலிகள் தப்பிக்கும், ஆனால் மறுபடி ஒளித்துவைக்க வேண்டியிருக்கும். ஒளித்துவைத்ததால்தானே இவ்வளவும்.]

ஆ) வியாழக்கிழமை. அக்கம்பக்கத்தார் சூழ உம்சின் முடிச்சை அவிழ்க்கிறார். வால்கள் [முடிக்கவில்லை. என்னால் அந்த அம்மாவுக்கு இதைச் செய்ய முடியாது.]

இ) உல்ஜான் போய் உண்மையைச் சொல்கிறாள். குதிரையை இலையுதிர்காலம் முழுக்க நல்ல தீனி போட்டுக் கொழுக்கவைத்து, மன்னிப்புக் கேட்டு அறுக்கிறோம், நானும் அதைத்தான் செய்கிறேன் என்கிறாள். உம்சின் மனம் மாறி அவளைக் கட்டிக்கொள்கிறார்.

[அழகான பேச்சு. ஆனால் உல்ஜான் இப்படிப் பேசமாட்டாள். இதை ஒருமுறை ஷோல்பானிடம் சொல்லிப் பார்த்தாளாம். "குதிரையையும் எலியையும் ஒண்ணா வச்சுப் பேசறியா? எங்க அம்மா காதுல விழுந்தா குதிரைக்கே மாரடைப்பு வந்துடும்" என்று பதில் கிடைத்திருக்கிறது.]

நான்காவதாக ஒன்றைத் தொடங்கியிருந்தேன்: "சாலை திறக்கும் வரை" [போன் அடிக்கிறது. உல்ஜான்.]

7

இருந்தது இருந்தபடி எழுதுகிறேன். திருத்தவில்லை.

உல்ஜான் மூச்சு வாங்கப் பேசினாள். "சம்பந்தியம்மா இப்பத்தான் அண்ணிக்குப் போன் பண்ணாங்க. நாளைக்கு ரோடு திறக்கறாங்களாம். வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே எல்லாரும் வாங்கன்னாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"'அந்த எலிக்காரப் பொண்ணையும் கட்டாயம் கூட்டிட்டு வா'ன்னு சொன்னாங்கடி."

"அப்போ திறந்துட்டாங்க."

"திறந்திருக்கலாம். இல்லேன்னா அண்ணன் உளறியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை கார்ல என்ன பேசினேன்னு கேட்டா, 'குடும்ப விஷயமெல்லாம் பேசினோம், எலியைப் பத்தியும் வந்துச்சோ என்னவோ'ங்கறான்."

பின்னாலிருந்து சாபித்தின் குரல்: "ஞாபகம் இல்லன்னுதான் சொன்னேன்!" அதற்கு மேல் ஷோல்பானின் குரல்: "உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்தது? கறியும் எலியும்கூடத் தெரியல!"

"கோபமா பேசினாங்களா?" என்று கேட்டேன்.

உல்ஜான் போனை அண்ணியிடம் கொடுத்தாள். ஷோல்பான் நிதானமாகத்தான் பேசினாள். "அம்மாவுக்குக் கோபம்னா போன்லயே பேசமாட்டாங்க, திலாரா. அடுத்த பேருந்துல வந்து வாசல்ல நிப்பாங்க. இப்போ கூப்பிடறாங்க. அதுவும் விருந்துக்கு மாவு பிசைஞ்சு வைக்கறேன்னு சொல்லிக் கூப்பிடறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"ஒளிக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிடுவேன். வாசல்லயே. உட்கார்றதுக்கு முன்னாடி." பிறகு போனை விலக்கி, உள்ளே பார்த்துக் கத்தினாள். "ராஜாத்தி! அந்தப் பெட்டியையெல்லாம் ஏன் கட்டிட்டு இருக்கே? இறக்கி வை! யார் உன்னை மூட்டை கட்டச் சொன்னது? பிள்ளைத்தாச்சி ரெண்டு பேர் அதுல இருக்காங்க, ஆட்டாதே! நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் தண்ணி மாத்தணும்!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இங்கே ஒரு முடிவை எழுதலாம். எழுதத் தெரியாமல் நிறுத்தவில்லை. (கொஞ்சம் அதுவும்தான்.) உம்சின் கொட்டகைக்குப் போய், பனியில் விறைத்த துணியைப் பிரித்து, வரிசையாக, அளவு பார்த்து, சுத்தமாக அடுக்கிய எலிகளைப் பார்த்து என்ன நினைத்தார்? அல்லது இன்னும் பார்க்கவே இல்லையா? எலிக்காரப் பொண்ணு என்று அவர் சொன்னது எந்தக் குரலில்? உங்களுக்கு ஒரு சம்பந்தி இருந்தால் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் நாளை அந்த வாசலில், ஷோல்பானுக்குப் பின்னால் நிற்பேன். அதற்கு முன் எதை எழுதினாலும் மறுபடி பாம்புக்கு இமை வைத்தது போல ஆகிவிடும்.

நாளை: கடையில் விடுப்புச் சொல்ல வேண்டும். முதல் பேருந்து. சம்பந்திக்கு உரிய இடுப்பெலும்புக் கறியைத் தூக்கி வருவது என் பொறுப்பு என்று உல்ஜான் சொல்லிவிட்டாள். கிளம்பும் முன் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருப்பது குதிரைதானா என்று பார்த்துவிட்டு, திரும்பக் கட்ட வேண்டும்.